இமயத்து மழைப்பனியும் தாது வருடப் பஞ்சமும்
இயற்கையின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

பனி என்னுஞ் சொல் நம்மிடையே மார்கழி, தை மாதங்களின் விடியற்பொழுதிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே முதலில் நினைவூட்டும். வானிலிருந்து வெண்துகளாக விழுந்து மாதக்கணக்கில் நிலத்தை மூடிக் கிடப்பதனை நமது புவியியற் பாடநூல்கள் மழைப்பனி எனப் பிரித்துரைக்கும். அது நமது நிலத்துப் பொருளன்று. தமிழிலக்கியத்தில் அது பேசப்படுமிடமெல்லாம் பெரும்பாலும் இமயத்தைச் சார்ந்ததாகவே இருக்கும். அவ்விமயமும் எல்லைக்கும் அசையாமைக்கும் குறியீடாகவே அமைந்தது. சேர மன்னர் அதன்மீது விற்பொறி பொறித்தமையையும், செங்குட்டுவன் கண்ணகி படிமத்துக்கு அங்கிருந்து கல் கொணர்ந்தமையையும் நமது புலவர்கள் பெருமையாகப் பேசியதற்குக் காரணம், அது என்றும் மாறாதது என்ற நம்பிக்கையே.

இன்று அந்நம்பிக்கை தளர்ந்துவிட்டது. காத்மண்டுவில் 1983இல் நிறுவப்பட்ட ஒருங்கிணைந்த மலை அபிவிருத்திக்கான சர்வதேச நிலையம் 2025இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2024-25 மாரியில் இந்து குஷ்-இமயப் பிரதேசத்திலே மழைப்பனி தரையில் நிலைத்திருந்த அளவு வழமையிலும் 23.6 சதவீதம் குறைந்திருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவு இதுவே. இக்குறைவு தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக நிகழ்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதனை விஞ்ஞானிகளின் விடயம் எனக் கூறி இலக்கிய, வரலாற்று மாணவராகிய நாம் ஒதுங்கியிருக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா. முடியாது என்பது நமது கருத்து. இமயத்து மழைப்பனி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நமது மக்களின் வரலாற்றினுட் புகுந்துவிட்டது. தமிழகத்துக் குடியானவர் இலட்சக்கணக்கில் மடிந்த ஒரு பஞ்சத்தின் பின்னணியிலேதான், இமயத்திலே விழும் மழைப்பனிக்கும் இந்தியாவின் மழைக்கும் தொடர்புண்டு என்ற கோட்பாடு உருவாயிற்று. பஞ்சத்துக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு வானத்தைச் சுட்டி விடையளிக்கும் மரபும் அவ்வேளையிலேயே வலுப்பெற்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றைய நெருக்கடியை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

2

1876ஆம் ஆண்டு தமிழருக்குத் தாது வருடமாகும். அவ்வாண்டிலே தென்மேல், வடகீழ்ப் பருவக்காற்றுகள் இரண்டும் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பொய்த்தன. அடுத்த ஆண்டிலும் தென்மேல் பருவமழை குறைந்தும் காலந்தாழ்த்தியும் பெய்தது. 1878வரை நீடித்த பஞ்சத்தில் மடிந்தோர் தொகை பற்றி ஆய்வாளரிடையே ஒருமைப்பாடு இல்லை. பிரித்தானியரின் நேரடி ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதே மிகக் குறைந்த மதிப்பீடுகளுள் ஒன்று.

மழை பொய்த்தமை உண்மை. எனினும் மழை பொய்த்தமையும் மக்கள் மடிந்தமையும் ஒன்றல்ல. இதனை நிறுவுவதற்கு நாம் நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. சர் றிச்சர்ட் டெம்பிள் என்ற ஒரே அதிகாரியின் இரு செயல்களை ஒப்புநோக்கினாலே போதுமானது. 1873-74இல் பீகாரில் மழை தவறியபோது அவர் பர்மாவிலிருந்து பெருந்தொகையான அரிசியை வருவித்து விநியோகித்தார். அப்போது மடிந்தோர் மிகச் சிலரே. ஆயின், அரசாங்கத்தின் பணத்தை விரயஞ் செய்தார் என அவர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். 1877 சனவரியில் அதே டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டபோது, நிவாரண வேலைத்தளங்களில் உழைக்கும் ஆணொருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையாளராயிருந்த மருத்துவர் கோர்ணிஷ், கடும் உழைப்புக்கு அவ்வுணவு போதாதென்று வாதிட்டும் சில மாதங்கள்வரை அது மாற்றப்படவில்லை. அதே சனவரி முதலாந் திகதி விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனஞ் செய்யும் பெருவிழாவை வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் நடத்திக்கொண்டிருந்தார். தடையற்ற வாணிபக் கொள்கையின் பெயரால் தானிய ஏற்றுமதியும் நிறுத்தப்படவில்லை. பஞ்சத்துக்குத் தானியங் கொண்டுவரும் என எதிர்பார்க்கப்பட்ட புகையிரதப் பாதை, விலை உயர்ந்த இடத்தை நோக்கித் தானியத்தை வெளியே கொண்டுசெல்லவும் உதவிற்று.

இப்பஞ்சத்தின் முதன்மையான வரலாற்றை எழுதிய வில்லியம் டிக்பி அக்காலத்தில் சென்னையிற் பத்திரிகையாசிரியராக இருந்தவர். அதற்குமுன் கொழும்பிலே பத்திரிகைப் பணி புரிந்தவர். அவரைப்போலவே இப்பஞ்சத்தின் வரலாறும் பாக்கு நீரிணையின் இருகரைகளுக்கும் உரியது. தாது வருடத்துக் குடியானவருள் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை நோக்கி நடந்து, மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் பலர். சென்னை மாகாணத்திற் பஞ்சமாகத் தோன்றியது கண்டியிலே தோட்ட முதலாளிக்கு மலிந்த உழைப்பாகத் தோன்றிற்று. இன்று மலையகத் தமிழர் எனப்படும் சமூகத்தின் முன்னோருள் ஒரு பகுதியினரை இங்கு கொணர்ந்தது வறட்சி மாத்திரமன்று. அவ்வறட்சியை உழைப்புச் சந்தையாக மாற்றிய பொருளாதார ஒழுங்கே.

தாது வருடம் நமது இலக்கியத்திலும் தடம் பதித்தது. மாயூரத்தில் முனிசீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை பஞ்சத்தைப் பாடிக் கீர்த்தனை இயற்றியதோடு தம் பொருளையும் ஏழைகளுக்கு ஈந்தார். நாட்டார் பஞ்சக் கும்மிகள் பாடினர். வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசமோ, மதுரைச் சொக்கர் சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகம் விடுப்பதாக அமைந்தது. இவ்வமைப்பினை வெறும் கற்பனை எனத் தள்ளிவிடுதல் தகாது. மக்கள் கடவுளிடம் முறையிட, கடவுள் நிலவுடைமையாளனுக்கு எழுதுகிறார். பசியின் தீர்வு வானத்தில் இல்லை, நிலத்தை உடையவன் கையிலேயே உள்ளது என்னும் உணர்வு, அப்புலவர் அறிந்தோ அறியாமலோ, அக்கதையின் கட்டமைப்பிலே பொதிந்திருக்கின்றது. ஆட்சியாளரின் அறிக்கைகளோ எதிர்த்திசையிற் சென்றன. அவை நிலத்திலிருந்து வானத்தை நோக்கின.

3

1877இல் சேர் வில்லியம் ஹன்ரர் தென்னிந்தியப் பஞ்சங்களுக்கும் சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சிக்கும் தொடர்பு கற்பித்து எழுதினார். இது தனி ஒருவரின் விநோதமன்று. அடுத்த ஆண்டு, பொருளியலறிஞர் ஜெவன்ஸ், ஐரோப்பாவின் வர்த்தக நெருக்கடிகளையே சூரியப் புள்ளிகளோடு இணைத்தார். சூரியனின் மாற்றத்தால் இந்தியாவில் விளைச்சல் குன்றுகிறது. அதனால் அங்கே பிரித்தானியப் பொருள்களுக்குக் கிராக்கி குன்றுகிறது. அதனால் நெருக்கடி தோன்றுகிறது என்பது அவர் வாதம். முதலாளித்துவ நெருக்கடியின் மூலகாரணத்தைப் பூமிக்கு வெளியே வைத்த இவ்வாதத்தின் கருத்தியற் பயன் வெளிப்படை.

ஹென்றி பிளான்போர்டை இவர்களோடு ஒருங்கு வைத்தெண்ணுதல் நீதியன்று. 1855இல் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்திற் சேர்ந்த அவர், திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காட்டுப் பாறைகளை ஆராய்ந்து 1862இல் நூல் வெளியிட்டவர். 1875இல் இந்திய வானிலைத் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டபோது அதன் முதற் பொறுப்பாளராக நியமனம் பெற்றார். பஞ்சத்தின் பின்னர், பருவமழையை முன்னறிந்து கூறும் வழியைக் காணுமாறு அரசாங்கம் அவரைக் கேட்டது. அவர் சூரியனை விட்டு மலையை நோக்கினார். வடமேற்கு இமயத்திலே மழைப்பனி மிகுந்தும் காலந்தாழ்த்தியும் விழும் ஆண்டுகளில், அதனை உருக்குவதிலேயே வெயிலின் வெப்பம் செலவாகின்றது. மலைப்புறம் குளிர்ந்து கிடப்பதால் அங்கிருந்து உலர்ந்த வடமேல் காற்று வீசுகின்றது. அதனால் மேற்கிந்தியாவிலே பருவமழை தளர்கின்றது என 1884இல் லண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டிற் கட்டுரை வரைந்தார். 1882 முதல் இக்கருத்தின் அடிப்படையிற் பரீட்சார்த்தமாக முன்னறிவிப்புகள் செய்யப்பட்டன. 1886 யூன் 4ஆந் திகதி இந்தியாவின் முதலாவது முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியாயிற்று.

இது ஓர் உண்மையான விஞ்ஞானச் சாதனை. வெப்பம், காற்று, நீர் ஆகியவற்றுக்கிடையிலான பௌதிகத் தொடர்பினைக் கொண்டு விளக்க முயன்றது அது. இக்கோட்பாட்டினை ஏகாதிபத்தியத்தின் பொய் எனக் கூறுவது மலினமான மார்க்சியமாகும். விஞ்ஞானம் கேட்ட வினாவுக்கு நேர்மையாகவே விடை தேடிற்று. அவ்வினாவை யார் வகுத்தனர் என்பதே நாம் நோக்கவேண்டியது. மழை எப்போது தவறும் என்பதே அரசின் வினாவாயிருந்தது. மழை தவறினால் உழுதவன் ஏன் சாகவேண்டும் என்பது வானிலைத் திணைக்களத்திடம் கேட்கப்படவில்லை. நிலவரி பற்றியும், கடன் பற்றியும், விற்கப்பட்ட தானியக் கையிருப்புப் பற்றியும் கேட்கவேண்டிய அவ்வினா, மழைப்பனிக் கணக்கின் அடியில் மறைந்துபோயிற்று. 1881இல் ருஷ்ய நண்பர் டானியல்சனுக்கு எழுதிய கடிதத்தில் கார்ல் மார்க்ஸ், இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் பிரித்தானியாவுக்கு உறிஞ்சப்படும் செல்வத்தைக் கணக்கிட்டுப் பஞ்சங்களையும் அதனருகில் வைத்து நோக்கினார். ஒரே பஞ்சத்தின் பின் எழுந்த இரு கணக்குகள் இவை. ஒன்று மலையில் விழுந்ததை எண்ணிற்று. மற்றையது நிலத்திலிருந்து எடுக்கப்பட்டதை எண்ணிற்று.

4

மழைப்பனியை முன்னறிகுறியாகக் கொண்ட அதே அரசு அதனை வருவாயாகவும் கண்டது. 1849இல் கைப்பற்றப்பட்ட பஞ்சாபின் நதிகள் கோடையிலே, பருவமழைக்கு முன்னரே பெருகுவன. மாரியில் மலையிலே சேமிக்கப்பட்ட மழைப்பனி சித்திரை, வைகாசியில் உருகி வருவதே இதற்குக் காரணம். வேறெங்கும் நிலம் வெடித்துக் கிடக்குங் காலத்திலே இங்கு ஆற்றில் நீர் ஓடும். இவ்வியற்கைச் சேமிப்பினை அடித்தளமாகக் கொண்டே 1885இன் பின்னர் கால்வாய்க் குடியேற்றங்கள் எழுந்தன. பிளான்போர்டின் முதல் முன்னறிவிப்பு வெளிவந்த 1886இலேயே சித்னாய்க் குடியேற்றம் தொடங்கிற்று. 1892இல் கீழ்ச் செனாப் கால்வாய் திறக்கப்பட்டது. மேய்ச்சற் குடிகள் திரிந்த தரிசு நிலங்கள் கோதுமை வயல்களாயின. கோதுமை கராச்சித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாயிற்று.

நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியமானது. நிலவுடைமைச் சாதியினருக்கும், ஓய்வுபெற்ற படைவீரருக்கும், ஆட்சிக்கு விசுவாசமான பெருங்குடியினருக்கும் அது பங்கிடப்பட்டது. பட்டாளத்துக்குக் குதிரையும் ஒட்டகமும் வளர்க்கும் நிபந்தனையின் பேரிலும் நிலம் வழங்கப்பட்டது. கால்வாயை வெட்டியும் வயலில் உழைத்தும் வந்த நிலமற்ற தாழ்த்தப்பட்டோர் பெரும்பாலும் உரிமையின்றி விடப்பட்டனர். மலையிற் பொதுவாக விழுந்த மழைப்பனி சமவெளியிலே சொத்துறவுகளின் வழியே பாய்ந்தது எனலாம். சுதந்திரமும் இதனை முற்றாக மாற்றவில்லை. 1947இல் எல்லைக்கோடு அக்கால்வாய்களை ஊடறுத்தது. உலக வங்கியின் மத்தியஸ்தத்தோடு 1960இல் கைச்சாத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தம் நதிகளை இரு அரசுகளுக்கிடையிற் பிரித்தது. 2025 ஏப்பிரலில் இந்தியா அவ்வொப்பந்தத்தை இடைநிறுத்துவதாக அறிவித்தது. நீர் குறையத் தொடங்கும் வேளையிலே நீர் ஆயுதமாவது தற்செயலன்று.

5

பிளான்போர்டின் கோட்பாடு நீண்டநாள் தனியாட்சி செய்யவில்லை. அவருக்குப் பின்வந்த எலியட் 1899இல் நல்ல மழை பெய்யுமென முன்னறிவித்தார். அவ்வாண்டு பெரும் வறட்சியும் பஞ்சமும் நேர்ந்தன. 1904இற் பொறுப்பேற்ற கணிதவியலறிஞர் கில்பேர்ட் வோக்கர் உலகெங்குமிருந்து பெற்ற புள்ளிவிபரங்களை இணைத்து ஆராய்ந்தார். மே மாத இறுதியில் இமயத்திற் சேர்ந்திருக்கும் மழைப்பனி அவரது சூத்திரத்தில் ஒரு காரணியாக மாத்திரமே இடம்பெற்றது. மொறீசியசின் வளியமுக்கம், தென்னமெரிக்காவின் வளியமுக்கம், சன்சிபாரின் மழை ஆகியனவும் உடன் சேர்ந்தன. இம்முயற்சியே 1920களில் தென்னலைவு எனும் பாரிய வளியமுக்க ஊசலாட்டத்தின் கண்டுபிடிப்பிற்கு இட்டுச்சென்றது. பிற்காலத்தில் அது பசுபிக் சமுத்திரத்தின் எல் நினோவோடு இணைத்து விளங்கப்பட்டது. 1877-78இல் மிக வலிய எல் நினோ நிகழ்ந்தது என்பதும், இந்தியா, சீனா, பிரேசில் ஆகிய நாடுகளை ஒரே காலத்தில் வறட்சி தாக்கியமைக்கு அது முக்கிய காரணம் என்பதும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன.

எனவே தாது வருடத்து மழை பொய்த்தமைக்கு இமயத்து மழைப்பனி தலையாய காரணமன்று. எனினும் பிளான்போர்டின் கருத்து முற்றாக மடியவுமில்லை. செய்மதிகள் மழைப்பனியைப் படம்பிடிக்கத் தொடங்கிய பின்னர், 1976இல் ஹான், சுக்லா என்போர், யூரேசிய மழைப்பனிப் பரப்புக்கும் இந்தியப் பருவமழைக்கும் எதிர்மாறான தொடர்பு தென்படுவதை எடுத்துக்காட்டினர். அத்தொடர்பு எல்லாக் காலத்திலும் ஒரே அளவினதாக இல்லை எனப் பின்வந்த ஆய்வுகள் கூறின. விஞ்ஞானத்தின் வளர்ச்சி நேர்கோட்டில் அமைவதன்று என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

இங்கு நமது வாதத்துக்குத் தேவையானது வேறொன்று. பிளான்போர்டும் வோக்கரும் மழைப்பனி ஆண்டுக்காண்டு ஏறியிறங்குவதைக் கணித்தனர். நீண்டகாலச் சராசரி மாறாது என்பது அவர்களின் எடுகோள். நமது புலவரின் அசையா இமயம் அவர்களது கணக்கேட்டிலும் வேறு வடிவில் நிலைத்திருந்தது. அவ்வெடுகோளே இன்று உடைந்திருக்கின்றது.

6

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் வளிமண்டலத்திற் பெருகும் காபனீரொட்சைட்டு பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றது. வெப்பநிலை உயர்ந்த நிலையில், முன்னர் மழைப்பனியாக விழுந்தது தாழ்ந்த சரிவுகளில் மழையாக விழுகின்றது. விழுந்த மழைப்பனியும் வேளைக்குமுன் உருகுகின்றது. புதிய மழைப்பனி தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்புவது. அது உருகி மறைந்தால் கருநிலம் அவ்வொளியை உட்கொள்ள, வெப்பம் மேலும் ஏறும். செங்கற் சூளை, டீசல் இயந்திரம், விறகடுப்பு ஆகியவற்றிலிருந்து எழும் கரித்துகள் மழைப்பனிமேற் படிந்து இவ்வுருகலை விரைவுபடுத்துகின்றது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் மலைப்பிரதேசங்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும், சிறப்பாகத் தாழ்ந்த சரிவுகளில், மழைப்பனி நிலத்தை மூடியிருக்குங் காலம் பத்தாண்டுக்குச் சராசரி ஐந்து நாட்கள் வீதம் குறைந்து வந்துள்ளது.

பனிக்கட்டியாறுகளின் நிலையும் இதுவே. கெடுபிடிப்போர்க் காலத்திலே அமெரிக்க உளவுச் செய்மதிகள் எடுத்த படங்கள் பின்னர் பகிரங்கப்படுத்தப்பட்டன. அவற்றையும் புதிய அளவீடுகளையும் ஒப்பிட்டு இமயத்தின் 650 பனிக்கட்டியாறுகளை ஆராய்ந்தவர்கள், 1975-2000 காலத்தைவிட 2000-2016 காலத்திற் பனிக்கட்டி அழியும் வேகம் இருமடங்காயிருப்பதை 2019இல் வெளியிட்டனர். காரக்கோரம் மலைத்தொடரின் சில பனிக்கட்டியாறுகள் நெடுங்காலம் குறையாதிருந்தமையும் உண்மை. மிகைப்படுத்தல் உண்மைக்குத் துணையாகாது. இமயத்துப் பனிக்கட்டியாறுகள் 2035ஆம் ஆண்டளவில் மறைந்துவிடலாம் என மேற்படி குழுவின் 2007ஆம் ஆண்டறிக்கையில் இடம்பெற்ற கூற்று ஆதாரமற்றது என 2010இல் ஒப்புக்கொள்ளப்பட்டதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. காத்மண்டு நிலையத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீடு நிதானமானது: உலக வெப்பநிலை உயர்வு 1.5 பாகை செல்சியசில் நிறுத்தப்பட்டாலுங்கூட, இந்நூற்றாண்டின் இறுதியில் இப்பிரதேசத்துப் பனிக்கட்டியாறுகளில் மூன்றிலொரு பங்கு இல்லாமற் போகும். உலக வெப்பநிலை 2024ஆம் ஆண்டில் முதன்முறையாக அவ்வெல்லையைத் தாண்டிய ஆண்டுச் சராசரியை எட்டியது.

உழவனுக்கு இதன் பொருள் யாது? இப்பிரதேசத்திலிருந்து இறங்கும் பன்னிரண்டு பெருநதிகளின் நீரில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மழைப்பனி உருகி வருவது. சிந்து நதியில் அது நாற்பது சதவீதமளவினது. மழைப்பனி குறைதலின் முதல் விளைவு நீர் இல்லாமற் போவதன்று. நீர் வேளை தப்பி வருவதே. விதைப்புக் காலத்தில் வேண்டிய நீர் மாரியிலேயே ஓடிக் கடலைச் சேர்ந்துவிடும். ஆழ்கிணறும் இயந்திரமும் வாங்கக்கூடியவன் நிலத்தடி நீரை எடுத்துத் தப்பிக்கொள்வான். குத்தகைக் குடியானவனும் கூலியாளும் நகரத்தை நோக்கி நடப்பர். தாது வருடத்தில் மன்னார்க் காட்டுவழியே நடந்தவரும் இவரும் ஒரே வர்க்கத்தினரே.

2021 பெப்புருவரி 7ஆந் திகதி உத்தரகாண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் மலைச்சரிவிலிருந்து பெருந்தொகையான பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கில் விழுந்தன. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுட் பெரும்பாலோர் அங்கு அமைந்த நீர்மின் திட்டங்களிலே வேலைசெய்த தொழிலாளர். தனியொரு சரிவைக் காலநிலை மாற்றத்தின் நேரடி விளைவெனக் கூறுவதில் விஞ்ஞானிகள் தயங்குகின்றனர், அத்தயக்கம் மதிக்கத்தக்கது. ஆயின், நிலையற்ற அம்மலையடியில் அணையைக் கட்டியதும், சுரங்கத்தினுள் மனிதரை நிறுத்தியதும் மலையின் செயலன்று. அப்பள்ளத்தாக்கிலேயே ரைனி எனுங் கிராமம் உள்ளது. 1974இல் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்துநின்று, ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் திருப்பியனுப்பிய கிராமம் அதுவே. அன்று அவர்கள் காட்டிய அறிவினை அபிவிருத்தித் திட்டங்கள் கற்றுக்கொள்ளவில்லை.

மலைவாசிகளைக் கையறு நிலையினராக மாத்திரம் காட்டுவதும் தவறு. லடாக்கிலே உருகுநீரைப் பங்கிட ஊரவர் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் சுர்ப்போன் என்பவர் உண்டு. நமது கிழக்கு மாகாணத்து வட்டவிதானையை நினைவூட்டும் பதவி அது. விதைப்பு வேளையில் நீர் வராமையைக் கண்ட பொறியியலாளர் செவாங் நோர்ப்பெல் 1987 முதல் மாரிநீரைத் தாழ்ந்த சரிவுகளில் தேக்கி உறையவைக்கும் செயற்கைப் பனிக்கட்டியாறுகளை அமைத்தார். 2013-14இல் சோனம் வாங்சுக் அதனைக் கோபுர வடிவிலே உயர்த்தினார். இவை மக்களின் ஆக்கத்திறனுக்குச் சான்றுகள். ஆயினும் வெப்பமாகும் உலகில் ஊரவர் தம் முயற்சியால் மலையைத் திரும்பக் கட்டிவிடுவர் என எதிர்பார்ப்பது, குற்றத்தைச் செய்தவரை விட்டுப் பாதிக்கப்பட்டவர்மேற் சுமையை ஏற்றுவதாகும்.

7

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். 1877இல் இயற்கை காரணமாகச் சுட்டப்பட்டது. உண்மையான காரணம் சமூகத்திற் கிடந்தது. இன்று இயற்கையின் மாற்றமே சமூகத்தின் விளைபொருளாகிவிட்டது. உலக மக்களில் மிகச் செல்வந்தரான பத்து சதவீதத்தினர் அண்மைய தசாப்தங்களின் வெளியேற்றத்தில் ஏறத்தாழ அரைவாசிக்குப் பொறுப்பாயிருக்க, இமயத்தின் மேய்ச்சற் குடியினரின் பங்கு கணக்கில் வராத அளவினது. ஆனால் ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னரும் ‘இயற்கை அனர்த்தம்’ என்ற சொல்லே அறிக்கைகளிற் பயிலக் காண்கிறோம். காலநிலை மாற்றம் என்ற தொடருங்கூட, அணைக்கும் ஒப்பந்தத்துக்கும் கைச்சாத்திட்டவர்களின் பொறுப்பினை மறைக்கும் புதிய சூரியப் புள்ளியாக மாறக்கூடும். ஹன்ரரின் வாரிசுகள் மறைந்துவிடவில்லை.

இரண்டாவது, நம்மையும் நமது மரபையும் பற்றியது. இயற்கையை வென்று பயன்கொள்ளும் உற்பத்திச் சக்தியின் வளர்ச்சியே முன்னேற்றம் என நம்மிற் பலர் ஐயமின்றி எழுதினோம். பாமீர் மலையின் மழைப்பனி உருகிப் பாயும் அமு தரியா நதியை 1960கள் முதல் சோவியத் அரசு பருத்திக்காகத் திருப்பியதும், ஏரல் கடல் வற்றியதும் சோஷலிசத்தின் பெயராலேயே நிகழ்ந்தன. இலாபம் மாத்திரமே இயற்கையை அழிக்கும் என்ற சூத்திரம் இவ்வுண்மையின்முன் நிற்கமாட்டாது. மக்களின் கட்டுப்பாடற்ற திட்டமிடலும் அழிக்கும். இதனைக் கூறுவது மார்க்சியத்தைக் கைவிடுவதன்று. ஏங்கெல்ஸ், மனிதக்குரங்கு மனிதனாதலில் உழைப்பின் பங்கு பற்றிய தமது முற்றுப்பெறாத கட்டுரையில், அல்ப்ஸ் மலைச்சரிவின் காடுகளை அழித்தவர்கள் தமது ஊற்றுகளை வற்றச்செய்து மாரியில் வெள்ளத்தையும் வரவழைத்துக்கொண்டதை எடுத்துக்காட்டி, இயற்கைமீது கொண்ட வெற்றிகளை எண்ணித் தருக்கவேண்டாமென எச்சரித்தார். அவர் அதனை எழுதியது 1876இல். நமது தாது வருடத்தில். அவ்வெச்சரிக்கையை நாம் நூலிற் படித்தோம். நமது ஆய்வுமுறையில் அது இடம்பெறவில்லை.

தமிழிலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மக்களும் அவர்தம் தொழிலும் கருப்பொருளுள் அடங்கின. சமூகவியல் நோக்கிலே திணைக் கோட்பாட்டை ஆராய்ந்தவர்கள் நிலத்திற்கும் உற்பத்தி முறைக்கும் உள்ள உறவினைத் தெளிவுபடுத்தினர். எனினும் முதற்பொருள் மாறாது நிற்க, அதன்மீது மனித வரலாறு இயங்குவதாகவே நாம் அனைவரும் கருதி வந்தோம். இன்று தொழில் பொழுதையே மாற்றுகின்றது. மழைப்பனி விழும் மாதமும் உருகும் மாதமும் மனித உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்ட முறையினாலே நகர்ந்துகொண்டிருக்கின்றன. முதற்பொருளுக்கும் வரலாறு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டாலன்றி, இனிவருங் காலத்தின் இலக்கியத்தையோ பசியையோ நம்மால் விளங்கிக்கொள்ள முடியாது.

தாது வருடத்து மாந்தரின் பெயர்கள் பெரும்பாலும் எவ்வேட்டிலும் இல்லை. அவ்வாண்டுகளின் மழை அளவும் மழைப்பனிக் கணக்கும் உள்ளன. அடுத்த பஞ்சத்தின் வரலாறும் அவ்வாறே எழுதப்படாதிருக்க வேண்டுமாயின், மலையில் விழுவதை எண்ணுவோரும் நிலத்திலிருந்து எடுக்கப்படுவதை எண்ணுவோரும் ஒருவர் கணக்கை மற்றவர் படிக்கவேண்டும். அப்பணியில் நமது பல்கலைக்கழகங்களின் புவியியல், வரலாறு, தமிழ்த் துறைகள் இன்னும் ஒரே மேசையில் அமரவில்லை என்பதையும் இங்கு கூறியே ஆகவேண்டும்.